அடைப்புக்குறிக்குள் யார்? – லெட் ஸெப்பலின் தொகுப்பை முன்வைத்து

1

தொகுப்பதும் ஒருவகையில் எழுதுவதுதான். எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதற்குப் பின்னால் எதை வைப்பது என்று முடிவு செய்கிறவன், ஏற்கனவே இருக்கும் பிரதிகளை வைத்துப் புதிதாக ஒரு பிரதியை உண்டாக்குகிறான். சங்கத் தொகைகளைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடியளவை அளவுகோலாகக் கொண்டு குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு என்று பிரித்துவைத்த கைகளுக்கு, நாம் இன்று 'சங்க இலக்கியம்' என்று சொல்வதில் பாதிப் பங்கு உண்டு. அந்தக் கைகளில் சிலவற்றின் பெயர்களையும் மரபு குறித்துவைத்திருக்கிறது. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. ஒருவர் உழைப்பு, இன்னொருவர் செலவு. பாடியவர்கள் வேறு.

பாடியவர், தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்ற இந்த மூன்று நாற்காலிகளில் இரண்டில் ஒரே ஆள் உட்கார்ந்தால் என்ன ஆகும்? 1990-இல் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்ட 'லெட் ஸெப்பலின்' பெட்டித் தொகுப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வருகிறது. நான்கு குறுந்தகடுகள், 54 தடங்கள். கிதார் வாசித்தவரும் எல்லா ஆல்பங்களையும் தயாரித்தவருமான ஜிம்மி பேஜ், நியூயார்க்கின் ஸ்டெர்லிங் சவுண்ட் கூடத்தில் ஜார்ஜ் மரினோவுடன் உட்கார்ந்து பழைய ஒலிநாடாக்களைத் திருத்தி, பாடல்களைத் தேர்ந்து, புதிய வரிசையில் அடுக்கினார். கால வரிசை கலைந்தது. முதல் தகட்டின் முதல் பாட்டாக, இரண்டாவது ஆல்பத்தின் (1969) 'ஹோல் லாட்டா லவ்' வந்து உட்கார்ந்தது.

குழுவைப் பற்றிச் சுருக்கமாக. 1968-இல் லண்டனில் உருவானது. ஜிம்மி பேஜ், பாடகர் ராபர்ட் ப்ளான்ட், பேஸ் கிதாரும் கீபோர்டும் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ், டிரம்மர் ஜான் பான்ஹம். 1980 செப்டம்பரில் பான்ஹம் இறந்ததோடு குழு முடிந்தது. இவர்களுடைய தலைமுறையைச் சேர்ந்த ஆங்கிலேய இளைஞர்கள் சிகாகோவின் செஸ் நிறுவன இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து வாங்கி, தேய்கிற வரைக்கும் கேட்டு வளர்ந்தவர்கள். 1962-இல் அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் மான்செஸ்டருக்கு வந்தபோது, லண்டனிலிருந்து அதைப் பார்க்கப் போனவர்களில் பேஜும் ஒருவர். மேடையில் இருந்தவர்களில் ஒருவர் வில்லி டிக்ஸன். கொடுத்தவரும் எடுத்தவரும் ஒரே கூரையின் கீழ் ஒரு சாயங்காலம் இருந்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரைக்கு அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வேண்டியிருக்கும்.

ஒரு குழு தன் பாட்டைத் தானே தொகுத்துக்கொள்வதில் தப்பு ஒன்றும் இல்லைதான். ஆனால் தன்னைத் தொகுத்துக்கொள்கிறவன் தன் மூதாதைகளையும் சேர்த்தே தொகுக்கிறான். யாரை மூதாதை என்று ஒப்புக்கொள்வது என்பதும் அந்தத் தேர்வில் அடங்கும். ப்ளூஸிலிருந்து கிளம்பிய குழுவுக்கு இது சில்லறை விஷயம் இல்லை.

2

பெட்டியின் மேலட்டையிலிருந்து தொடங்கலாம். மேலிருந்து எடுத்த தானிய வயல் ஒன்றின் படம். பயிரைச் சாய்த்து உண்டாக்கிய வட்டங்கள், கோடுகள். வயலின் மேல் ஆகாயக் கப்பலின் நிழல் விழுகிறது, கப்பல் தெரியவில்லை. 1990 கோடையில் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் வயல்களில் இப்படிப்பட்ட குறிகள் தோன்றி, செய்தது மனிதரா வேறு யாருமா என்று பத்திரிகைகள் குழம்பிக்கொண்டிருந்தன. அடுத்த வருஷமே டக் பவர், டேவ் சோர்லி என்று இரண்டு பேர் முன்வந்து, பலகையும் கயிறும் வைத்து வருஷக்கணக்காக இந்த மாதிரிக் குறிகளைப் போட்டுவந்தது நாங்கள்தான் என்றார்கள். யார் செய்தது என்று தெரியாத கோலம், அதன் மேல் பெரிய கப்பலின் நிழல். அட்டைக்கு இந்தப் படத்தைத் தேர்ந்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டியதில்லை. பிரதி சில சமயம் தன்னைப் பற்றித் தானே பேசிவிடுகிறது.

இனி விடுபட்டவை. 1969-இன் இரண்டாவது ஆல்பத்தில் 'த லெமன் ஸாங்' என்று ஒரு பாட்டு. ஹவ்லின் உல்ஃபின் 'கில்லிங் ஃப்ளோர்' பாட்டின் மேல் கட்டியது. அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'ப்ரிங் இட் ஆன் ஹோம்' வில்லி டிக்ஸன் எழுதி, சன்னி பாய் வில்லியம்ஸன் பாடியது. இரண்டும் முதலில் குழுவினரின் பெயரில்தான் வந்தன. 1972-இல் வழக்கு வந்தது, நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது, பழைய பெயர்கள் உள்ளே வந்தன. இந்த இரண்டு பாட்டும் 1990 பெட்டியில் இல்லை. முதல் ஆல்பத்திலேயே டிக்ஸன் பெயரைத் தாங்கி வந்த 'யூ ஷுக் மீ'யும் இல்லை. மூன்றும் 1993-இல், மிச்சத்தையெல்லாம் வாரிப் போட்டு வெளியான இரண்டாவது பெட்டிக்குப் போயின.

முதல் பெட்டியில் ப்ளூஸே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. 'ஐ கான்ட் க்விட் யூ பேபி' டிக்ஸன் பெயரோடு இருக்கிறது. மெம்ஃபிஸ் மின்னியின் பெயரைத் தாங்கிய 'வென் த லெவீ ப்ரேக்ஸ்' இருக்கிறது. 1969-இல் பிபிசிக்காகப் பதிவு செய்து எந்த ஆல்பத்திலும் வராமல் கிடந்த, ராபர்ட் ஜான்ஸனின் 'ட்ராவலிங் ரிவர்சைட் ப்ளூஸ்' இந்தப் பெட்டியில்தான் முதல் தடவையாக வெளிவந்தது. ஆனால் கூடவே 'நோபடிஸ் ஃபால்ட் பட் மைன்' இருக்கிறது, பேஜ்–ப்ளான்ட் என்ற கையெழுத்தோடு. 'இன் மை டைம் ஆஃப் டையிங்' இருக்கிறது, நால்வர் கையெழுத்தோடு. இந்த இரண்டின் வேரையும் 1927-இல் டெக்ஸாஸ்காரரான பிளைன்ட் வில்லி ஜான்ஸன் இசைத்தட்டில் பாடியிருக்கிறார். வழக்குப் போட அவர் இல்லை. அவர் குரலை 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் தங்கத் தட்டில் ஏற்றி அனுப்பினார்கள். சூரிய மண்டலத்தைத் தாண்டிப் போக முடிந்த குரலால் அடைப்புக்குறியைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை.

இசைத்தட்டில் பாட்டின் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் அச்சாகும் பெயரைச் சொல்கிறேன். அது மரியாதைக்காகப் போடுகிற பெயர் இல்லை. ஒவ்வொரு தட்டு விற்கும்போதும், ஒவ்வொரு முறை வானொலியில் ஒலிக்கும்போதும் பாடலாசிரியருக்கும் பதிப்பாளருக்கும் சேர வேண்டிய பங்கு அந்த அடைப்புக்குறியைப் பார்த்துத்தான் பிரிகிறது. நம்முடைய பத்திரத்தில் 'எழுதிக் கொடுப்பவர்' என்று ஒரு இடம் உண்டே, ஏறக்குறைய அந்த மாதிரி.

3

எம்.ஏ. வகுப்பில் நன்னூல் பாயிரத்தை நெட்டுருப் போட்டவர்கள், சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய எட்டையும் மறந்திருக்க மாட்டார்கள். முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது வழி. யார் செய்தது என்று சொன்ன கையோடு, எதன் வழியில் செய்தது என்றும் சொல்லியாக வேண்டும். முதல்நூல், வழிநூல் என்ற பாகுபாட்டில் வழிநூலுக்கு இழிவு எதுவும் இல்லை. தொகுக்கலாம், விரிக்கலாம், இரண்டையும் சேர்த்துச் செய்யலாம், மொழிபெயர்க்கலாம் என்று தொல்காப்பிய மரபியலே அதற்கு நான்கு வாசல் திறந்துவைக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: வழியை மறைக்கக் கூடாது.

பெட்டிக்கும் ஒரு பாயிரம் உண்டு. உள்ளே வைத்த புத்தகத்தில் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவர் ராபர்ட் பாமர், 'டீப் ப்ளூஸ்' (1981) என்ற முக்கியமான நூலை எழுதியவர். எதிர்வாதத்தை அவரே எடுத்துவைக்கிறார். ப்ளூஸ் பாடகர்கள் வாய்வழியாகவும் தட்டு வழியாகவும் கிடைத்த அடிகளை எடுத்து, தங்கள் மெட்டைச் சேர்த்து, பாட்டைத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்வது வழக்கம்தான் என்பது அவர் வாதத்தின் சாரம். இது லேசில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. டிக்ஸனே 'மை பேப்' பாட்டை ஒரு பழைய தேவாலயப் பாட்டின் மேல்தான் கட்டினார். ஊர் ஊராய் அலைகிற அடிகள் இல்லாமல் ப்ளூஸ் கிடையாது. நம் ஒப்பாரியிலும் கும்மியிலும் ஓர் அடியை எந்த ஊரின் சொத்து என்று சொல்ல முடியும்?

ஆனால் வழக்கம் என்பது ஒரே வரப்பில் நிற்பவர்களுக்கு இடையில் செல்லுபடியாவது. என் அடியை நீ எடுக்கலாம், உன் அடியை நாளைக்கு நான் எடுப்பேன், இரண்டு பேருக்கும் கிடைப்பது அந்தச் சனிக்கிழமை ராத்திரியின் கூலிதான். இந்தக் கொடுக்கல் வாங்கலில் கையெழுத்துக்கு வேலையில்லை. அந்த அடி கடலைத் தாண்டி, பதிப்புரிமை என்ற நிறுவனத்துக்குள் நுழைந்து, லட்சக்கணக்கில் விற்கிற தட்டில் ஏறும்போது வழக்கம் அப்படியே நிற்பதில்லை. எடுப்பது மட்டும் வாய்மொழி மரபின்படி நடக்கிறது, பதிவது எழுத்து மரபின்படி நடக்கிறது. இரண்டு மரபிலிருந்தும் தனக்கு வசதியான பாதியை எடுத்துக்கொள்கிற வேலை இது. பாமர் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார். பெட்டியைப் பொறுத்தவரை 'வழி' கட்டுரையில் இருக்கிறது, பணம் பட்டியலில் இருக்கிறது.

இதை வெள்ளைக்காரன் கறுப்பனிடம் திருடினான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் நமக்குச் சுலபம். விஷயம் அப்படி ஒரு வரியில் அடங்க மறுக்கிறது. முதல் ஆல்பத்தின் 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' ஜேக் ஹோம்ஸ் என்ற நியூயார்க் வெள்ளைக்காரப் பாடகர் 1967-இல் வெளியிட்ட பாட்டிலிருந்து வந்தது. அவர் 2010-இல்தான் வழக்குப் போட்டார், சமரசத்தில் முடிந்தது. 2012-இல் வந்த 'செலிப்ரேஷன் டே' நேரடிப் பதிவில் ஹோம்ஸின் தூண்டுதல் என்ற குறிப்பு ஏறியது. இன்னொரு பக்கம், 1972 வழக்கைப் போட்டது ஆர்க் மியூசிக், செஸ் சகோதரர்களுக்குப் பங்கிருந்த பதிப்பு நிறுவனம். அந்த ஆர்க் மேலேயே டிக்ஸனும் மடி வாட்டர்ஸும் தங்கள் ராயல்டிக்காக எழுபதுகளில் வழக்குப் போட வேண்டிவந்தது. சுரண்டல் லண்டனில் ஆரம்பிக்கவில்லை, சிகாகோவிலேயே அதற்கு அலுவலகம் இருந்தது.

இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது 'பேப் ஐ'ம் கோனா லீவ் யூ'. ஜோன் பயஸ் 1962-இல் தன் தட்டில் பாடியபோது 'மரபுப் பாடல்' என்று போட்டிருந்தார்கள். அதைக் கேட்ட பேஜும் மரபுப் பாடல், இசையமைப்பு பேஜ் என்று போட்டுக்கொண்டார். எழுதிய ஆன் ப்ரெடன் என்ற பெண் உயிரோடு இருந்தார், ரொம்ப நாளாக அவருக்கு இது தெரியவும் தெரியாது. 1990 பெட்டியில்தான் அவர் பெயர் உள்ளே வந்தது. ஆக, இதே பெட்டி ஒரு பெயரைச் சேர்க்கவும் செய்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இதிலிருந்து தெரிவது என்ன? 'மரபு' என்ற சொல் எழுதியவர் இல்லை என்பதற்குச் சாட்சி கிடையாது. தேடவில்லை என்பதற்குத்தான் சாட்சி. குறுந்தொகையைத் தொகுத்தவருக்கும் சில புலவர்களின் பெயர் கிடைக்கவில்லை. அவர் என்ன செய்தார்? பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராக வைத்தார். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார். பெயர் தெரியாத இடத்தைக் காலியாக விடவும் மனசில்லை, தன் பெயரை அங்கே எழுதவும் மனசில்லை. தொகுப்பாளனின் அறம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

4

இங்கே ஒரு குரல் குறுக்கிடும். ஆசிரியன்தான் செத்துவிட்டானே, நீர் இன்னும் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறீரே? ரோலான் பார்த் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியது 1967-இல். ஆசிரியன் என்பவன் யார் என்று ஃபூக்கோ பாரீசில் உரையாற்றியது 1969 பிப்ரவரியில். அதற்கு முந்தின மாதம்தான் ஸெப்பலினின் முதல் ஆல்பம் வந்தது. பாரீசில் ஆசிரியனுக்குக் கருமாதி நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், லண்டனில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தமிழில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்தக் கோட்பாட்டை வாங்கிக்கொண்டபோது அதன் விடுதலை முகத்தைத்தான் அதிகம் பார்த்தோம். மேதையின் பீடம் உடைந்தது, வாசகனுக்கு இடம் கிடைத்தது. நல்லதுதான். ஆனால் செத்துப்போவதற்கு முதலில் உயிரோடு இருந்ததாகப் பதிவு வேண்டும். டிக்ஸனுக்கு 'ஆசிரியன்' என்ற அந்தஸ்து 1987 வரை 'ஹோல் லாட்டா லவ்' விஷயத்தில் கிடைக்கவே இல்லை. 1962-இல் மடி வாட்டர்ஸ் பாடிய தன் 'யூ நீட் லவ்' பாட்டின் சொற்கள் அதில் இருப்பதாக 1985-இல் வழக்குப் போட்டு, இரண்டு வருஷம் கழித்துச் சமரசத்துக்கு வந்தார். பிந்திய பதிப்புகளில் நால்வர் பெயரோடு அவர் பெயரும் நிற்கிறது. கிடைத்த பணத்தை அவர் தன் ப்ளூஸ் ஹெவன் அறக்கட்டளைக்குப் பயன்படுத்தினார். 1992-இல் இறந்தார். சிகாகோ, 2120 சவுத் மிச்சிகன் அவென்யூவில் இருந்த பழைய செஸ் கட்டிடம் பிறகு அந்த அறக்கட்டளைக்கே வந்துசேர்ந்தது. தன் சுயசரிதைக்கு (1989) அவர் வைத்த தலைப்பு, தானே ப்ளூஸ் என்று சொல்வது. எழுபது வயசைத் தாண்டியவர் இப்படித் தன் பெயரை அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது ஏன் என்று பார்த்துக்கு விளங்கியிருக்குமா தெரியவில்லை. அடையாளத்தைக் கலைப்பது அடையாளம் உள்ளவனின் விளையாட்டு. மறுக்கப்பட்டவன் முதலில் கேட்பது பெயரை.

சட்டத்தின் காது எப்படிப்பட்டது என்பதற்கு இன்னொரு உதாரணம். 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டின் தொடக்கம், ஸ்பிரிட் குழுவின் 'டாரஸ்' (1968) என்ற தடத்திலிருந்து வந்தது என்று 2014-இல் வழக்கு. 2016-இல் நடுவர் குழு ஸெப்பலின் பக்கம் நின்றது, 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. முடிவு சரியா தப்பா என்று நான் பேச வரவில்லை. அந்த இறங்குவரிசை ரொம்பப் பழையது, அது யாருக்கும் தனிச்சொத்து இல்லை என்பது நியாயமான வாதம்தான். என்னை உறுத்துவது வேறு. 1909-ஆம் வருஷச் சட்டத்தின்படி, அந்தக் காலத்துப் பாட்டுக்குப் பாதுகாப்பு, அலுவலகத்தில் தாக்கல் செய்த இசைக்குறிப்புத் தாளுக்கு மட்டும்தான். 'டாரஸ்' எப்படி ஒலித்தது என்பது ஒப்பிட உதவாது, தாளில் என்ன இருக்கிறது என்பதே கணக்கு. ஆக, தாளில் எழுதப்படாதது நடக்கவே இல்லை. வாசிப்பின் சாய்வு, குரலின் கீறல், தாளத்தின் இழுப்பு இதெல்லாம்தானே ப்ளூஸ்? அதைப் பிடிக்கிற வலை இந்தச் சட்டத்திடம் இல்லை.

5

இந்த இடத்தில்தான் எனக்கு ஸெப்பலினின் உண்மையான சாதனையும் புரிகிறது. 'வென் த லெவீ ப்ரேக்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்வோம். 1927 ஏப்ரலில் மிஸிஸிப்பி ஆறு கிரீன்வில் ஊருக்கு மேலே மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் கரையை உடைத்தது. அந்த வெள்ளத்தில் ஆறு லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். கிரீன்வில்லில் ஆயிரக்கணக்கான கறுப்பின மக்களைக் கரை மேலேயே நிறுத்திவைத்து, துப்பாக்கி முனையில் வேலை வாங்கினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1929-இல், கான்ஸஸ் ஜோ மக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் அந்த வெள்ளத்தைப் பாட்டாக்கினார்கள். இரண்டு கிதார், ஜோவின் குரல். வேகமாக, கிட்டத்தட்ட லேசாகப் போகிற பாட்டு. இன்றைக்கும் ஓடியாக வேண்டும் என்கிற மனுஷனின் நடை அதில் இருக்கிறது.

ஸெப்பலின் 1971-இல் செய்தது வேறு. ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேன்ஜ் என்ற பழைய வீடு. மாடிப்படி ஏறும் கூடத்தின் அடியில் டிரம்ஸை வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆன்டி ஜான்ஸ் இரண்டு மைக்குகளை மேல்தளத்திலிருந்து தொங்கவிட்டார். பான்ஹம் அடித்ததை மட்டும் அந்த மைக்குகள் பிடிக்கவில்லை, வீட்டையே பிடித்தன. சுவர், படிக்கட்டு, கூரைக்கும் தரைக்கும் நடுவில் இருந்த காற்று எல்லாம் அந்த அடியில் இருக்கின்றன. வேகம் குறைந்து, எடை ஏறி, ஹார்மோனிகா பின்னோக்கிச் சுழல்கிறது. மூல பாட்டில் வெள்ளத்தைப் பற்றி ஒருவன் பேசுகிறான். இங்கே வெள்ளமே வருகிறது. மனுஷன் போய்விட்டான், தண்ணீர் மட்டும் இருக்கிறது. இது நஷ்டமா லாபமா என்று என்னால் தராசில் நிறுத்த முடியவில்லை. ஆனால் இது வழிநூல், அதுவும் விரித்து யாத்த வழிநூல் என்பதில் சந்தேகமில்லை.

கவனியுங்கள், இந்தப் பாட்டில் அவர்களுடையது எதுவோ அது இசைக்குறிப்புத் தாளில் ஏறாது. கூடத்தின் எதிரொலியை எந்த எழுத்தில் எழுதுவது? தாளில் ஏறக்கூடியதோ பெரும்பாலும் பழைய சொற்கள். 'ஹோல் லாட்டா லவ்' பாட்டிலும் இதே கதை. அந்த நடுப்பகுதியில் தாளம் மட்டும் மிஞ்சி, தெரெமின் ஊளையிட, ஒலி இடமும் வலமுமாகச் சுழல்கிறதே, அது எந்த சிகாகோ தட்டிலும் இல்லாதது, முழுக்க அவர்களுடையது. டிக்ஸன் வழக்குப் போட்டது அந்தப் பகுதிக்காக இல்லை. கையெழுத்து தேவைப்படாத இடத்தில்தான் இவர்கள் ஆசிரியர்கள். கையெழுத்துப் போட்ட இடத்தில் பல சமயம் இவர்கள் வழிவந்தவர்கள். இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் இவர்களுக்கு ஒரு பெருமையும் குறைந்திருக்காது.

இந்தப் பாட்டின் அடைப்புக்குறியில் மின்னியின் பெயர் 1971-லேயே இருந்தது. அப்போது மெம்ஃபிஸில் நோயில் கிடந்த அவர் 1973-இல் இறந்தார். ஆனால் 1929 தட்டில் பாடிய ஜோ மக்காயின் பெயர் இல்லை. பெயர் கொடுக்கும்போதும் ஒரு பெயர் நழுவுகிறது. பெட்டியில் இந்தப் பாட்டு இருக்கும் இடத்தையும் பாருங்கள். நான்காவது ஆல்பத்தில் இது கடைசிப் பாட்டு. அதற்குப் பிறகு எதுவும் கிடையாது, ஊசி தூக்கிக்கொள்ளும். அந்த மௌனம்தான் வெள்ளம் வடிந்த நிலம். பெட்டியில் இதற்கு முன்னால் 'டான்ஸிங் டேஸ்' என்ற கோடைக்காலக் கொண்டாட்டம், பின்னால் 'அக்கிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்' என்ற பயணக் காவியம். இரண்டுக்கும் நடுவில் வெள்ளம் ஒரு ராக் பாட்டாகக் கடந்துபோகிறது. ஒலியைத் திருத்தியதில் பேஜ் அடிக்கு அடி கவனமாக இருந்திருக்கிறார், டிரம்ஸ் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. மௌனத்தைத்தான் திருத்திவிட்டார். 2007-இல் வந்த 'மதர்ஷிப்' தொகுப்பிலும் (24 பாடல்கள், ஏறக்குறைய கால வரிசையில்) இதற்கு அடுத்தது 'ஸ்டேர்வே டு ஹெவன்'. வெள்ளத்திலிருந்து நேரே சொர்க்கத்துக்குப் படிக்கட்டு.

பாட்டு அதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பான்ஹமின் அந்தத் தொடக்க அடியை வெட்டி எடுத்து பீஸ்டி பாய்ஸ் 1986-இல் 'ரைமின் அண்ட் ஸ்டீலின்' பாட்டைக் கட்டினார்கள். தலைப்பிலேயே திருட்டை ஒப்புக்கொண்ட பாட்டு. கறுப்பர்களின் ஹிப்ஹாப் வடிவத்தில் நுழைந்த வெள்ளைப் பையன்கள் அவர்கள். எடுத்தவனிடமிருந்து எடுத்தார்கள். பிறகு எத்தனையோ பேர் அந்த அடியை எடுத்தார்கள். ஹெட்லி கிரேன்ஜின் படிக்கட்டு இன்றைக்கு ஏறக்குறைய ஒரு அலைகிற அடி, கும்மி அடி மாதிரி.

6

1990-இல் இன்னொரு பெட்டியும் வந்தது. கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ராபர்ட் ஜான்ஸனின் முழுப் பதிவுகள். இரண்டு தகடுகள், 41 தடங்கள். 1936 நவம்பரில் ஸான் ஆன்டோனியோவிலும் 1937 ஜூனில் டாலஸிலும் பாடியவை. 1938-இல் 27 வயசில் செத்துப்போனவனின் மொத்த வாழ்க்கையும் அந்த இரண்டு தகடுகளில் முடிந்துவிடுகிறது. ஒரே பாட்டை இரண்டு தடவை பாடியிருந்தால் இரண்டும் உள்ளே இருக்கும். தேர்வு கிடையாது, வரிசை விளையாட்டு கிடையாது, கிடைத்ததெல்லாம் இருக்கிறது. அந்தப் பெட்டியும் யாரும் எதிர்பாராத அளவுக்கு விற்றது. பணம் யாருக்கு என்ற வழக்கு அங்கேயும் வந்தது. 1998-இல் மிஸிஸிப்பி நீதிமன்றம் ஒருவரை ஜான்ஸனின் மகன் என்று ஏற்க, 2000-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இரண்டு பெட்டிகளிலும் பொதுவாக ஒரு பாட்டு இருக்கிறது, 'ட்ராவலிங் ரிவர்சைட் ப்ளூஸ்'. ஜான்ஸன் 1937-இல் பாடியபோது அதை யாரும் வெளியிடவில்லை. 1961-இல்தான் வந்தது, அவர் செத்து 23 வருஷம் கழித்து. எட்டு வருஷத்தில் பேஜும் ப்ளான்டும் பிபிசியில் அதைப் பாடினார்கள். அவர்களுடைய பெட்டியில் அடைப்புக்குறிக்குள் மூன்று பெயர்கள், பேஜ், ப்ளான்ட், ஜான்ஸன். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பேஜின் கிதார் ஜான்ஸனை நகல் எடுக்கவில்லை. அதன் மேல் வேறொரு நதியை ஓட்டுகிறது. ப்ளான்ட் ஜான்ஸனின் வேறு பாட்டுகளிலிருந்தும் அடிகளைக் கொண்டுவந்து சேர்க்கிறார், பழைய ப்ளூஸ்காரன் செய்கிற மாதிரியே. இங்கே வழி மறைக்கப்படவில்லை. அதனால் எனக்கும் குறுக்கே நிற்கும் கேள்வி இல்லை, பாட்டை மட்டும் கேட்க முடிகிறது. 54 தடங்களில் இந்த இடத்தில்தான் பெட்டி தன் மூதாதையோடு சமமாக உட்கார்ந்து பேசுகிறது.

மற்ற இடங்களைப் பற்றிக் கேள்வி இருக்கத்தான் செய்யும். பெயர் தெரியாத ஒருத்தி நடவு வயலில் பாடியது சினிமாவுக்குள் போய், கவிஞர் பெயரோடு தட்டில் வெளிவருவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். 'நாட்டுப்புறப் பாடல்' என்று நாம் போடுகிற முத்திரைக்குக் கீழேயும் எத்தனை ஆன் ப்ரெடன்கள் இருந்திருப்பார்கள்? லெட் ஸெப்பலின் பெட்டியை மூடி வைத்துவிடலாம். நம்முடைய தொகுப்புகளைத் திறந்து, அடைப்புக்குறிக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.